தொட்டால் இடம் தொலையக் கூடாது: வி.எல்.சி. பிளேயர் பழகுபவர்களுக்கு

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறி நிற்கும். என்ஜினைப் பிரித்துப் போட்டிருப்பவர்கள், வலையை விரித்துக் கிழிசல் பார்ப்பவர்கள், தள்ளிப்போட்ட கல்யாணத்தை நடத்துபவர்கள் என்று ஊரின் ஓட்டமே மாறிவிடும். தங்கச்சிமடத்தில் நான் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையிலும் அந்த நாட்களில் பென் டிரைவோடு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். கல்யாண வீடியோ, திருவிழா வீடியோ, வளைகுடாவிலிருந்து தம்பி அனுப்பிய வீடியோ, என்ஜின் பழுதுபார்க்கும் வீடியோ. கடையில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டரில் ஒன்று இதற்கென்றே ஓடும்.

போன வருடம் கடல்பாசி வளர்க்கும் அக்கா ஒருவர் வந்தார். மூங்கில் மிதவையில் விதைப்பாசியைக் கயிற்றில் கட்டுவது பற்றிய பயிற்சி வீடியோ. முக்கால் மணி நேரம் இருக்கும். பாதியில் வாசலில் யாரோ கூப்பிட, எழுந்து போய்ப் பேசிவிட்டு வந்தார். வீடியோ பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. “முதல்ல இருந்து போடு தம்பி” என்றார்.

“நிறுத்திட்டுப் போயிருக்கலாமேக்கா?”

“தொட்டா எங்கயாவது போயிருமே தம்பி. அப்புறம் யாரு தேடுறது?”

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் பொத்தான் தெரியாதது பெரிய பிரச்சினை இல்லை. எதையாவது தொட்டால் பார்த்துக்கொண்டிருந்த இடம் தொலைந்துவிடும் என்ற பயம்தான் பிரச்சினை. அந்தப் பயம் இருக்கும்வரை யாரும் எதையும் தொட மாட்டார்கள். தொடாமல் எதுவும் பழகாது. அதனால் நான் இப்போதெல்லாம் பொத்தான்களைச் சொல்லிக்கொடுத்து ஆரம்பிப்பதில்லை. தொட்டாலும் இடம் போகாத மாதிரி பிளேயரை முதலில் கட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் மற்றது. இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது.

எந்தப் பிளேயர்

வி.எல்.சி. சாலையில் வைக்கும் ஆரஞ்சுக் கூம்பு படம் போட்டிருக்குமே, அதுதான். பிரான்சில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கிய வேலை. 2001-இலிருந்து யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்ற உரிமத்தில் கிடைக்கிறது. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. வீடியோலேன் டாட் ஆர்க் என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடும்போது அதே கூம்பைப் போட்டுக்கொண்டு வேறு பக்கங்களும் வரும். அங்கே எல்லாம் போக வேண்டாம்.

போனில் எடுத்தது, கேமராக்காரர் டிவிடியில் கொடுத்தது, பழைய சிடியிலிருந்து மாற்றியது என்று எதைக் கொடுத்தாலும் பெரும்பாலும் ஓட்டிவிடும் என்பதால் இதை எடுத்துக்கொண்டேன். கீழே சொல்வதெல்லாம் விண்டோஸ் கம்ப்யூட்டரில் வி.எல்.சி. 3.0 வரிசைக்கு உரியது.

முதலில் மூன்று பொத்தானை மட்டும் அடையாளம் காணுங்கள்

வீடியோவைத் திறந்ததும் கீழே நீளமாக ஒரு பட்டை ஓடும். அதற்கு அடியில் பொத்தான் வரிசை. இடது ஓரத்தில் மற்றவற்றைவிடப் பெரிதாக இருப்பது ஓட்டவும் நிறுத்திவைக்கவும். முக்கோணம் தெரிந்தால் அழுத்தினால் ஓடும். இரண்டு கோடு தெரிந்தால் அழுத்தினால் அப்படியே நிற்கும். தெரிவது இப்போதைய நிலை இல்லை, அழுத்தினால் நடக்கப்போவது. இதைச் சொல்லாமல் விட்டால் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

அதற்குப் பக்கத்தில் மூன்று சின்னப் பொத்தான்கள்: முந்தையது, சதுரம், அடுத்தது. சதுரத்தைக் கவனியுங்கள். அது ஸ்டாப். ஓட்டத்தை நிறுத்திவைப்பது வேறு, ஸ்டாப் வேறு. படகை நங்கூரம் போட்டு நிறுத்துவதும், என்ஜினை அணைத்துக் கரைக்கு இழுத்து ஏற்றிவிடுவதும் ஒன்றா? சதுரத்தை அழுத்தினால் படம் போய்க் கூம்பு வந்துவிடும். அக்கா பயந்தது இதைத்தான். எப்போதோ யாருடைய வீட்டிலோ சதுரத்தை அழுத்தியிருக்கிறார்.

வலது ஓரத்தில் இருப்பது சத்தம். மூன்றாவது அதுதான். மற்ற பொத்தான்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. போனில் படத்தின் மேல் தட்டி நிறுத்திப் பழகியவர்கள் இங்கேயும் படத்தின் நடுவில் கிளிக் செய்வார்கள். வி.எல்.சி.யில் ஒரு முறை கிளிக் செய்தால் ஒன்றும் ஆகாது. இரண்டு முறை கிளிக் செய்தால் திரை முழுவதும் படம் விரியும். ஒன்றும் ஆகவில்லையே என்று திரும்பத் திரும்பத் தட்டினால் படம் பெரிதாவதும் சிறிதாவதுமாகக் குதிக்கும். பயப்பட ஒன்றும் இல்லை, வீடியோ அதே இடத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

இடம் தொலையாமல் கட்டிவைப்பது

இதுதான் முக்கியமான வேலை. ஒரு தடவை செய்தால் போதும். பத்து நிமிடம் ஆகும்.

கீபோர்டில் கண்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு, ஓ எழுத்துக்கு வலப்பக்கம் இருக்கும் பி எழுத்தை அழுத்துங்கள். மேலே இருக்கும் மெனுவில் ‘டூல்ஸ்’, அதில் ‘பிரிஃபரன்சஸ்’ என்று போனாலும் அதே இடம்தான். வரும் பெட்டியில் முதல் பக்கத்திலேயே மெனுவின் மொழியை மாற்ற ஒரு வரி இருக்கும். பட்டியலில் தமிழும் உண்டு. மாற்றிக்கொள்வது உங்கள் விருப்பம். நான் ஆங்கிலத்திலேயே விட்டுவிடுவேன், காரணம் சாதாரணமானது: போனில் யாரிடமாவது உதவி கேட்டால் அவர்கள் ஆங்கிலப் பெயரைத்தான் சொல்வார்கள்.

அதே பக்கத்தில் கீழே தேடினால் ‘கன்டினியூ பிளேபேக்?’ என்று ஒரு வரி. பாதியில் மூடிய வீடியோவைத் திரும்பத் திறக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பது அது. வழக்கமாக ‘ஆஸ்க்’ என்று இருக்கும். அதாவது திறந்ததும் மேலே ஒரு சின்னப் பட்டையில், விட்ட இடத்திலிருந்து ஓட்டவா என்று கேட்கும். கேட்டுவிட்டுச் சில வினாடிகளில் மறைந்தும் போகும். கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் போய்விடுகிறது என்று ஒரு பெரியவர் சொன்னார். அதை ‘ஆல்வேஸ்’ என்று மாற்றுங்கள். இனிமேல் கேட்காது, விட்ட இடத்திலிருந்தே ஓடும். சதுரத்தைத் தவறி அழுத்தினாலும் மறுபடி ஓட்டினால் இடம் கிடைத்துவிடும். அக்காவுடைய பயத்தில் முக்கால்வாசி இந்த ஒரு வரியில் தீர்ந்தது.

இதில் நம் ஊர்ப் பழக்கத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. விட்ட இடத்தை வி.எல்.சி. நினைவில் வைப்பது, அந்த வீடியோ எந்த டிரைவில் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முகவரியை வைத்துத்தான். பென் டிரைவை இன்றைக்குச் செருகினால் ஓர் எழுத்தும் நாளைக்குச் செருகினால் வேறு எழுத்தும் வரலாம். முகவரி மாறிவிட்டால் அது புது வீடியோ என்றே நினைத்துக்கொண்டு முதலிலிருந்து ஓட்டும். அதனால் இரண்டு மூன்று நாள் பார்க்கப்போகும் வீடியோ என்றால் பென் டிரைவிலிருந்து ஓட்டாதீர்கள். கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் காப்பி செய்து, அங்கிருந்து திறங்கள். ஃபோல்டரை இடம் மாற்றவும் வேண்டாம்.

கரண்ட் சட்டென்று போனால் விட்ட இடம் பதியாமல் போகலாம். அதற்கு வேறு வழி வைத்திருக்கிறேன், பின்னால் வருகிறது.

அடுத்தது, பழகாத கையைக் கவிழ்க்கிற விசைகள். வி.எல்.சி.யில் பெரும்பாலான எழுத்துகளுக்கு ஒரு வேலை உண்டு. பி என்றால் பாஸ், அதாவது நிறுத்திவைப்பது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அது ‘பிரீவியஸ்’. வரிசையில் முந்தைய வீடியோ இருந்தால் அதற்குப் போய்விடும். எம் எழுத்து சத்தத்தை அடைக்கும். அதற்கு ஒட்டினாற்போல் இடப்பக்கம் இருக்கும் என் எழுத்து அடுத்த வீடியோவுக்குத் தாவும். சத்தத்தை அடைக்கப் போய் விரல் ஒரு கட்டை தள்ளிப் பட்டால் கல்யாண வீடியோ முடிந்து வரவேற்பு வீடியோ ஆரம்பமாகிவிடும். எஸ் எழுத்து ஸ்டாப்.

இந்த மூன்றையும் எடுத்துவிடலாம். அதே பிரிஃபரன்சஸ் பெட்டியில் மேலே வரிசையாக இருக்கும் படங்களில் கடைசியாக ‘ஹாட்கீஸ்’ என்று ஒன்று. உள்ளே போனால் வேலைகளும் அவற்றுக்கு எதிரே விசைகளும் பட்டியலாக இருக்கும். ஸ்டாப், பிரீவியஸ், நெக்ஸ்ட் மூன்றையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து கீபோர்டில் டெலீட் விசையை அழுத்துங்கள். எதிரே இருக்கும் எழுத்து மறைந்துவிடும். கீழே ‘சேவ்’ கொடுக்க மறக்க வேண்டாம். பழகின பிறகு வேண்டுமென்றால் அதே இடத்தில் இரண்டு முறை கிளிக் செய்து திரும்ப வைத்துக்கொள்ளலாம்.

கைக்குப் பழக வேண்டிய விசைகள்

மௌஸ் இருக்க ஏன் கீபோர்டு என்று கேட்பார்கள். கடற்கரையில் இருக்கிறவர்களுக்கு இதில் ஒரு தனிக் காரணம் உண்டு. லேப்டாப்பின் டச்பேட் விரலின் மின்தன்மையை வைத்துத்தான் அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறது. ஈரமோ வியர்வையோ பட்ட விரல் என்றால் குழம்பிப்போகும். அம்பு ஒரு இடத்தில் நிற்காமல் துள்ளும். மீனைத் தொட்டுவிட்டு, பாசியை அலசிவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து உட்காருகிறவர்களுக்கு இது தினமும் நடக்கிறது. தங்கள் கைக்கு இது வராது என்று நினைத்துவிடுகிறார்கள். விசைக்கு ஈரம் தெரியாது, அழுத்தினால் வேலை செய்யும்.

(ஆனால் உப்புக் காற்று விசையையும் விடாது. எங்கள் கடையில் ஒரு கீபோர்டின் ஸ்பேஸ்பார் ஒரே வருடத்தில் சிக்க ஆரம்பித்துவிட்டது. லேப்டாப் வைத்திருப்பவர்கள் தனியாக ஒரு விலை குறைந்த கீபோர்டைச் செருகி வைத்துக்கொள்ளுங்கள். போனால் அது மட்டும் போகட்டும். வேலை முடிந்ததும் ஒரு துணியைப் போட்டு மூடுங்கள்.)

சரி, விசைகளுக்கு வருவோம்.

ஸ்பேஸ்பார்: ஓட்டவும் நிறுத்திவைக்கவும். ஒன்றும் பழகாவிட்டாலும் இதைப் பழகுங்கள். பத்துத் தடவை நிறுத்தி, பத்துத் தடவை ஓட்டிப் பாருங்கள். அக்காவை நான் அப்படித்தான் உட்காரவைத்தேன். ஐந்தாவது தடவையிலேயே சிரித்துவிட்டார்.

பின்னால் போக, முன்னால் போக அம்பு விசைகள். இடது அம்பு பின்னால், வலது அம்பு முன்னால். கூட எதைப் பிடிக்கிறோமோ அதைப் பொறுத்துத் தூரம் மாறும். ஷிஃப்ட் பிடித்தால் 3 வினாடி. ஆல்ட் பிடித்தால் 10 வினாடி. கண்ட்ரோல் பிடித்தால் ஒரு நிமிடம். ஒரு சொல் காதில் விழவில்லை என்றால் ஷிஃப்ட். ஒரு கட்டம் கவனிக்கவில்லை என்றால் ஆல்ட். பேச்சு நீளமாகப் போகிறது, தாண்ட வேண்டும் என்றால் கண்ட்ரோல். மூன்றையும் ஒரே நாளில் படிக்க வேண்டாம். ஆல்டும் இடது அம்பும் மட்டும் ஒரு வாரம் ஓடட்டும்.

கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் 5 நிமிடம் தாவும் என்று புத்தகத்தில் இருக்கும். இதை நான் புதியவர்களுக்குச் சொல்வதில்லை. சில லேப்டாப்களில், குறிப்பாகக் கொஞ்சம் பழையவற்றில், அதே சேர்க்கை திரையைத் திருப்புவதற்கும் வைக்கப்பட்டிருக்கும். என் சித்தப்பா மகன் ஒரு நாள் ராத்திரி போன் செய்தான். வீடியோவை முன்னால் தள்ளப் போய் மொத்தத் திரையும் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டதாம். லேப்டாப்பைப் புத்தகம் மாதிரி நிமிர்த்தி வைத்து, மீதிப் படத்தையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் எனக்குக் கூப்பிட்டிருக்கிறான். உங்களுக்கும் அப்படி ஆனால் கண்ட்ரோல், ஆல்ட் பிடித்துக்கொண்டு மேல் அம்பை அழுத்துங்கள், நிமிர்ந்துவிடும்.

திரை முழுவதும் படம் தெரிய எஃப் எழுத்து. திரும்ப வர இடது மேல் மூலையில் இருக்கும் எஸ்கேப். முழுத்திரையில் இருக்கும்போது பொத்தான்கள் மறைந்திருக்கும். மௌஸை அசைத்தால் வரும், சும்மா விட்டால் போகும். ஸ்பேஸ்பாருக்கு அவை தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

நீளப் பட்டையை நம்ப வேண்டாம்

படத்துக்குக் கீழே ஓடும் நீளப் பட்டையை இழுத்துத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். குட்டி வீடியோவுக்கு அது சரி. கல்யாண வீடியோவுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு மணி நேரம் என்றால் 14,400 வினாடி. சாதாரண லேப்டாப் திரை ஒன்றின் அகலம் 1,366 புள்ளி. பட்டை திரை முழுக்க ஓடுகிறது என்றே வைத்தாலும் ஒரு புள்ளிக்குப் பத்து வினாடிக்கு மேல் வருகிறது. கை ஐந்து புள்ளி நடுங்கினால் ஏறக்குறைய ஒரு நிமிடம் போய்விட்டது. தாலி கட்டுவதைத் தேடிப்போனால் சாப்பாட்டுப் பந்தியில் போய் நிற்பது இதனால்தான். கை மேல் தப்பில்லை. பட்டையில் அவ்வளவு இடம் இல்லை.

போதாததற்கு, வீடியோவில் ஒவ்வொரு படமும் முழுதாகப் பதிந்திருப்பதில்லை. சில படங்கள் முழுதாகவும், இடையில் உள்ளவை முந்தையதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்ற அளவிலும்தான் பதிந்திருக்கும். அதனால் நடுவில் போய் இறங்கினால் சில சமயம் ஒரு நொடி திரை கலங்கித் தெரியும். கொஞ்சம் பொறுத்தால் தெளியும். வீடியோ கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

பட்டைக்குப் பதில் நான் சொல்லும் வழி: நேரத்தைக் குறித்துவையுங்கள். பட்டையின் இடது ஓரத்தில் ஓடிய நேரம் தெரியும், வலது ஓரத்தில் மொத்த நேரம் தெரியும். வலது ஓர எண்ணைக் கிளிக் செய்தால் இன்னும் எவ்வளவு பாக்கி என்று மாறும். முழுத்திரையில் பார்க்கும்போது டீக்கடை டீ, அதாவது ஆர் எழுத்துக்கு வலப்பக்கம் இருப்பதை அழுத்தினால் ஓடிய நேரம் திரையில் வந்துபோகும்.

பார்த்த இடத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள். ‘மூலைக் கட்டு 0:18:40. விதைப்பாசி எடை 0:26:05.’ அடுத்த முறை கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு அதே டீயை அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். மணி, நிமிடம், வினாடியைப் போட்டு ‘கோ’ என்றால் நேராக அங்கே போய் நிற்கும். கரண்ட் போனாலும் பென் டிரைவ் மாறினாலும் வேறு கம்ப்யூட்டரில் பார்த்தாலும் நோட்டு நோட்டுதான். வி.எல்.சி.க்குள்ளேயே கண்ட்ரோலும் பி-யும், அதாவது வி எழுத்துக்கு வலப்பக்கம் இருக்கும் பி-யும் அழுத்தினால் அடையாளம் போட ஒரு பெட்டி வரும். ஆனால் பிளேயரை மூடினால் அடையாளங்கள் போய்விடுகின்றன. நோட்டுக்கு அது ஈடில்லை.

கடலடியில் எந்த இடத்தில் பார் (பாறை) இருக்கிறது, எங்கே வலை சிக்கும் என்று ஜிபிஎஸ்ஸில் புள்ளி போட்டு வைக்கிற ஊர் இது. வீடியோவில் புள்ளி போடச் சொன்னால் மட்டும் ஏன் யோசிக்கிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

மெதுவாக, திரும்பத் திரும்ப

கைவேலை படிக்கிறவர்களுக்கு இந்தப் பகுதிதான் காசு. முடிச்சுப் போடுவது, வலைக் கண்ணைச் சேர்ப்பது, என்ஜினில் வால்வு இடைவெளி வைப்பது எல்லாம் வீடியோவில் கண் இமைக்கும் நேரத்தில் நடந்து முடிந்துவிடும். செய்து காட்டுகிறவருக்கு அது இருபது வருடப் பழக்கம். பார்க்கிறவருக்கு முதல் நாள்.

ஓ-வுக்குப் பக்கத்து பி எழுத்துக்கு வலப்பக்கம் இரண்டு சதுர அடைப்புக்குறிகள் இருக்கும். இடது அடைப்புக்குறி [ வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், வலது ] கொஞ்சம் கூட்டும். பாதி வேகம் வரும்வரை இடதை அழுத்திக்கொண்டே வாருங்கள். பேச்சு இழுவையாக வரும், ஆனால் குரல் கரகரவென்று தடித்துப்போகாது; வி.எல்.சி. அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். பழைய வேகத்துக்கு வர = விசை ஒன்று போதும். இந்த = விசையை முதலில் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் வேகத்தைக் குறைக்கவே சொல்லித்தருவேன். திரும்பி வரும் வழி தெரிந்தால்தானே ஆள் துணிந்து உள்ளே போவார்.

ஒரே கட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டுமா? மேலே ‘வியூ’ மெனுவில் ‘அட்வான்ஸ்டு கன்ட்ரோல்ஸ்’ என்பதை டிக் செய்யுங்கள். பொத்தான் வரிசைக்கு மேலே புதிதாக நான்கு பொத்தான் வரும். சிவப்பு வட்டம் பதிவுக்கு. அடுத்தது திரையைப் புகைப்படமாக எடுக்க. மூன்றாவது, ஏ-யிலிருந்து பி வரை என்று எழுதியிருப்பதுதான் நமக்கு வேண்டியது. முடிச்சு ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு முறை அழுத்துங்கள். முடிச்சு இறுகியதும் இன்னொரு முறை அழுத்துங்கள். அவ்வளவுதான், அந்தத் துண்டு மட்டும் நீங்கள் போதும் என்னும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்றாவது முறை அழுத்தினால் விட்டுவிடும். பாதி வேகமும் இந்தச் சுற்றும் சேர்ந்தால் இரண்டு கையும் கயிற்றில் இருக்கலாம்; விசைப்பக்கமே வர வேண்டாம். பாடல் குழுவில் பாடும் பிள்ளைகள் திருவிழாவுக்கு முன்னால் ஒரே வரியைப் பழகுவதும் என் கடையில் இப்படித்தான்.

நான்காவது பொத்தான் ஒவ்வொரு படமாக நகர்த்தும். கீபோர்டில் அது இ எழுத்து. முன்னால் மட்டும்தான் நகரும்; பின்னால் ஒரு படம் நகர்த்த வழியில்லை. ஷிஃப்ட் பிடித்து 3 வினாடி பின்னால் வந்து, மறுபடி நகர்த்த வேண்டியதுதான். முடிந்ததும் ஸ்பேஸ்பார் அழுத்தினால் சாதாரணமாக ஓடும்.

என்ஜின் பார்க்கும் அண்ணன் ஒருவர் இதில் தேர்ந்துவிட்டார். தன் படகின் என்ஜின் ஓடுவதைப் போனில் எடுத்து வந்து, பாதி வேகத்தில், சத்தத்தோடு, ஒரே துண்டைச் சுற்றவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். கடைக்கு வந்தவர்கள் அவரை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

சத்தம்

சுருக்கமாக. கண்ட்ரோலோடு மேல் அம்பு கூட்டும், கீழ் அம்பு குறைக்கும். படத்தின் மேல் மௌஸ் சக்கரத்தை உருட்டினாலும் சத்தம்தான் மாறும். படத்தைத் தள்ள உருட்டி, சத்தத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. சத்தமே வரவில்லை என்றால் முதலில் எம் எழுத்தை ஒரு தட்டு தட்டுங்கள். சத்த அளவு 125 வரை போகும், ஆனால் 100-ஐத் தாண்டினால் சின்ன ஸ்பீக்கர் கரகரக்கும். போதவில்லை என்றால் வெளி ஸ்பீக்கர்தான் வழி.

புளூடூத் ஸ்பீக்கரில் வாய் முதலில் அசைந்து பேச்சு பிந்தி வந்தால் ஜே எழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் வினாடியில் இருபதில் ஒரு பங்கு முந்தும். பேச்சு முந்தினால் பக்கத்தில் இருக்கும் கே.

வீட்டுப் பெரியவர்களுக்கு வரிசையை மாற்றிக்கொடுப்பது

விசை என்றாலே வேண்டாம், மௌஸ் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பொத்தான் வரிசையை மாற்றிக்கொடுங்கள். பால் ஃபிட்ஸ் என்ற உளவியல் அறிஞர் 1954-இலேயே அளந்து சொன்னது: இலக்கு சின்னதாகவும் தூரமாகவும் இருக்க இருக்கக் கை அங்கே போய்ச் சேர நேரம் பிடிக்கும். கை நடுங்கும் வயதில் இதை யாரும் அளந்து சொல்ல வேண்டியதில்லை.

‘டூல்ஸ்’ மெனுவில் ‘கஸ்டமைஸ் இன்டர்ஃபேஸ்’ என்று போங்கள். மேலே பொத்தான்களின் கிடங்கு, கீழே இப்போது இருக்கும் வரிசை. கிடங்குக்குப் பக்கத்தில் ‘பிக் பட்டன்’ என்று ஒரு டிக் இருக்கும். அதை டிக் செய்துவிட்டு, ‘ஸ்டெப் பேக்வர்ட்’, ‘ஸ்டெப் ஃபார்வர்ட்’ இரண்டையும் இழுத்து ஓட்டும் பொத்தானுக்கு இரண்டு பக்கமும் வையுங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் 10 வினாடி பின்னால், முன்னால். சதுரத்தையும், வேண்டாத மற்றவற்றையும் வரிசையிலிருந்து வெளியே இழுத்துப் போடுங்கள், போய்விடும். கடைசியில் பின்னால், ஓட்டு, முன்னால், முழுத்திரை, சத்தம் என்று ஐந்தோடு நிறுத்துங்கள். முழுத்திரையில் வரும் பொத்தான்களுக்குத் தனிப் பக்கம் இருக்கிறது. அங்கேயும் இதையே செய்யுங்கள்.

கீழக்கரைப் பக்கம் எங்கள் உறவுக்காரப் பாட்டி ஒருவருக்கு இப்படி வைத்துக்கொடுத்தேன். பேத்தி கல்யாணத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். பின்னால் போகிற பொத்தான் மட்டும்தான் அவருக்குத் தேவைப்படுகிறது.

ஏதாவது காணாமல் போனால்

பொத்தான், மெனு எல்லாம் மறைந்து வெறும் படம் மட்டும் நிற்கிறதா? கண்ட்ரோலும் எச்-சும் சேர்ந்து பட்டிருக்கும். அதையே மறுபடி அழுத்துங்கள். படம் நசுங்கியோ இழுத்தோ தெரிந்தால் ஏ எழுத்து பட்டிருக்கும். பழையபடி வரும்வரை அதையே திரும்பத் திரும்பத் தட்டுங்கள். ஓரம் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் சி எழுத்து, அதே வைத்தியம். வீடியோ முடிந்தும் முதலிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தால் வட்ட அம்புப் பொத்தான் அமுங்கியிருக்கும். அதை ஒன்றிரண்டு முறை அழுத்தினால் விட்டுவிடும்.

எதுவும் சரிவராமல் எல்லாம் குழம்பிவிட்டால் கண்ட்ரோலோடு ஓ-வுக்குப் பக்கத்து பி, கீழே ‘ரீசெட் பிரிஃபரன்சஸ்’. வாங்கின நாளில் இருந்த மாதிரி ஆகிவிடும். ஆனால் நாம் மாற்றியவையும் அதோடு போகும். அக்கா ஒரு நாள் அதை அழுத்திவிட்டார். “எல்லாம் போச்சா தம்பி?” என்றார். நோட்டைப் பார்த்தோம். மூலைக் கட்டு 0:18:40. கண்ட்ரோலையும் டீயையும் அவரே அழுத்திப் போய்ச் சேர்ந்துவிட்டார். ‘ஆல்வேஸ்’ வைப்பதை நான் சாயங்காலம் பார்த்துக்கொண்டேன்.